ஜைத்தூன் இலைப் பொடி

திருத்தங்கல்
18.01.2025

தம்பி தவுபிக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அங்கே குளிர் எப்படி, உன் இருமல் விட்டதா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. நலமில்லை. அதற்கு நீயும் ஒரு காரணம்.

உன் நம்பரை நேற்று பிளாக் செய்துவிட்டேன். போனில் என்றால், “அக்கா, ஆலைச் சத்தம், ஒண்ணும் கேக்கல” என்று நழுவுவாய். நானும் பேசக் கூடாததைப் பேசிவிடுவேன். அதனால் எழுது. இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை, எழுத்தில் பதில் வரட்டும்.

உன் பார்சல் போன வாரம் வந்தது. ஆலிவ் எண்ணெய் டின், இலைப் பொடி பாட்டில்கள், கூடவே இங்கிலீஷில் ஒரு ஆராய்ச்சிக் காகிதம். உன் மச்சானுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் கட்டி என்று டிசம்பரில் ஸ்கோப் செய்து சொன்னார்கள் அல்லவா, அதை அறுத்து எடுக்க முந்தாநாள் வியாழக்கிழமை மதுரையில் அட்மிட் ஆகியிருக்க வேண்டும். துணிமணி, தூக்குச்சட்டி, பிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு நான் வாசலில் நிற்கிறேன். மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குக் கிளம்புகிறார்.

“என்னங்க, ஆஸ்பத்திரிக்குல்ல போகணும்?”

“நான் வரல. மச்சினன் மருந்து அனுப்பியிருக்கான். குர்ஆன்ல ஜைத்தூன்னு வந்த ஆலிவ் மரத்து இலை. கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பாக்கேன்.”

“டாக்டர் தேதி குடுத்திருக்காகள்ல?”

“தேதிய அவுகளே வச்சுக்கிடட்டும்.”

அவ்வளவுதான். அன்றைக்கு டாக்டர் விவரம் சொல்லும்போதே பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர்தான் இவர். கடைசிவரை உட்கார்ந்து கேட்டவள் நான்தான். ஆனால் நான் சொன்னால் ஏறவில்லை. நீ அனுப்பிய பாட்டில் சொன்னால் ஏறுகிறது.

இருபது வருஷமாக ஆப்செட் மெஷினில் நின்று லேபிள் அடிக்கிற மனுஷன், தவுபிக். அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் காட்டி, “குணமாகும்னு லேபிள்லயே போட்டிருக்கான் பாரு” என்கிறார். “நீங்க புஸ்வாணப் பெட்டியில எம்புட்டு உயரம் போகும்னு அடிக்கீக, அது எம்புட்டு உயரம் போவுது?” என்று கேட்டேன். பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டார்.

உன்னிடம் இரண்டு கேள்வி. யார் கேட்டு இதை அனுப்பினாய்? இது மருந்து இல்லை, ஆபரேஷனுக்குப் போங்க மச்சான் என்று அவருக்கு எப்போது எழுதப் போகிறாய்?

உன் மருமகன் ரய்யான் பரீட்சைக்குப் படிக்கிறான். உனக்கு சலாம் சொன்னான்.

இப்படிக்கு,
அக்கா நசிமா

*

அல் ஜவ்ஃப், சவூதி
05.02.2025

அன்புள்ள அக்காவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இருமல் விட்டது. குளிர் விடவில்லை. உன் கடிதத்தைப் பிரித்ததும் அறைக்குள் சூடு பரவிவிட்டது. சின்ன வயதில் நான் உன் கொலுசைத் தொலைத்தபோதுகூட இவ்வளவு கோபப்படவில்லை நீ.

அக்கா, நான் போலி வைத்தியன் இல்லை. ஆலிவ் ஆலையில் மெஷின் ஓட்டுகிறவன். எங்கள் எண்ணெயைப் பரிசோதிக்கிற எகிப்துக்காரர் ஒருவர் இருக்கிறார், நன்றாகப் படித்தவர். ஆலிவ் இலையைக் கடித்தால் நாக்கைப் பிடுங்குகிற கசப்பு வரும். அந்தக் கசப்புக்குள் ஒலியூரோபின் என்று ஒரு பொருள் இருக்கிறதாம். எண்ணெயில் ஹைட்ராக்சிடைரோசால் என்று இன்னொன்று. இவற்றைக் குடல் புற்று செல்லில் விட்டுப் பார்த்தால் அது வளர்வது குறைகிறது, சில சமயம் செத்தும் போகிறது என்று பல நாட்டில் ஆராய்ச்சி நடக்கிறது. அந்தக் காகிதத்தைத் தந்தவர் அவர்தான். நான் கற்பனை செய்யவில்லை.

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? உடம்புக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று அனுப்பினேன். டாக்டர் மருந்தோடு இதுவும் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

மச்சானுக்கும் எழுதுகிறேன். அவர் பொறுமையான மனுஷன், வற்புறுத்தினால் இன்னும் உள்ளே போய்விடுவார். கொஞ்சம் விட்டுப் பிடி. நம்பரைத் திறந்துவிடு, குரலையாவது கேட்கிறேன்.

ரய்யானுக்கு என் துஆ. எல்லாருக்கும் சலாம்.

அன்புத் தம்பி,
தவுபிக்

*

திருத்தங்கல்
21.02.2025

தம்பி தவுபிக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் உடம்பு தேவலை என்றது ஒன்றுதான் உன் கடிதத்தில் உருப்படியான செய்தி.

கடிதத்திலும் நழுவுகிறாய். யார் கேட்டு அனுப்பினாய் என்றேன். கொலுசுக் கதை சொல்கிறாய்.

அந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஹர்ஷினியிடம் போனேன். பிரஸ் முதலாளி நல்லசிவம் அண்ணாச்சியின் மகள், மதுரையில் பார்மசி படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். பொறுமையாக முழுவதும் படித்தாள். “அத்தை, இது கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுல பண்ணினது. அப்புறம் எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. மனுஷங்களுக்குக் குடுத்து யாருக்கும் குணமாச்சுன்னு இதுல ஒரு வரி கிடையாது” என்றாள். நல்ல ஆராய்ச்சிதானாம். என்றைக்காவது இதிலிருந்து ஒரு மருந்து வரலாமாம். அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்து, எவ்வளவு கொடுத்தால் குடலில் போய்ச் சேரும், எவ்வளவு கொடுத்தால் ஆளுக்குக் கெடுதல் என்று பார்க்கவே இன்னும் வருஷக்கணக்கில் வேலை இருக்கிறதாம். “தட்டுல இருக்கிற செல்லு மேல நம்ம ஊரு வெடிமருந்தத் தூவினாலும் சாகும் அத்தை. அதுக்காக வெடிமருந்தத் திங்க முடியுமா?” என்றாள்.

இதை நான் வீட்டில் வந்து சொன்னேன். உன் மச்சான் கேட்டுக்கொண்டே இரண்டு ஸ்பூன் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்தார்.

என்ன கெட்டுவிடும் என்று கேட்டாயே. இவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். இந்த இலையும் பிரஷரை இறக்குமாம். திங்கட்கிழமை மெஷினில் நிற்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற காசிராஜன் பிடிக்காவிட்டால் கை உருளைக்குள் போயிருக்கும். இதுதான் கெட்டது. இன்னொன்றும் கெடுகிறது. நாள் போகிறது, தவுபிக். கட்டி உன் காகிதத்தைப் படித்துவிட்டா வளருகிறது?

விட்டுப் பிடி என்கிறாய். பிடிப்பதற்கு ஆள் இருக்க வேண்டாமா? வீட்டில் இருக்கிற மனுஷன் என்னோடு பேசுவதில்லை. விடியுமுன்னே சுபுஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறார், தொழ அழைத்து பாங்கு சொல்கிறார், பிரஸ்ஸுக்குப் போகிறார், வந்து படுக்கிறார். என்னிடம் சொல்லாத எதையோ உன்னிடம் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது சரியா தப்பா, அதை மட்டும் எழுது.

நோன்பு வருகிறது. பதில் அது முடிவதற்குள் வரட்டும்.

இப்படிக்கு,
நசிமா

*

திருத்தங்கல்
27.02.2025

மாப்பிள்ளை தவுபிக்குக்கு, நாகூர் கனி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும். பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில், வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். மன்னிக்கவும். வீட்டில் ஒரே அறை, உட்கார்ந்து எழுதவோ பேசவோ தோதுப்படாது.

உங்கள் அக்கா உங்களைத் திட்டி எழுதுகிறாள் என்று தெரியும். நான் மொட்டை மாடியிலிருந்து உங்களுக்குப் போன் போட்டு, அறுக்காமல் குணமாக ஏதாவது வழி இருந்தால் பாருங்கள் என்று கேட்டதை இதுவரை நீங்கள் சொல்லவில்லை. அந்த நன்றியை மறக்க மாட்டேன். இனியும் சொல்ல வேண்டாம்.

காரணம் அன்றைக்கே சொன்னேன். ஆபரேஷன் செய்தால் வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு பை கட்டுவார்களாம். மலம் அதில்தான் இறங்குமாம். டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, எழுந்து வந்துவிட்டேன். நான் முதல் வரிசையில் நின்று தொழுகிறவன். பதினைந்து வருஷமாக சுபுஹுக்கு பாங்கு சொல்கிறவன். கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு நிற்கும்போதே பையில் இறங்கினால் அந்தச் சுத்தம் முறியாதா? பக்கத்தில் நிற்கிறவர் மூக்கைப் பொத்தினால் நான் எங்கே போவேன்? பள்ளியின் படியை மிதிக்காமல் கிடப்பதற்கு மௌத்து மேல்.

இதை நசிமாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அவள் துடைத்துக் கழுவ வேண்டியிருக்குமே என்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

பொடி தீரப்போகிறது. ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து விடுங்கள். நீங்கள் எனக்குக் கொடுத்த வாக்கு நினைவிருக்கட்டும்.

துஆ செய்யவும். வஸ்ஸலாம்.

நா. நாகூர் கனி

*

அல் ஜவ்ஃப்
16.03.2025

அன்பு அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு எப்படிப் போகிறது? இங்கே ஆலை அரை நாள்தான்.

மச்சானுக்கு எழுதினேன். டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள் என்று தெளிவாகவே எழுதினேன். பொடி இனி அனுப்ப மாட்டேன் என்றும் எழுதிவிட்டேன்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அவரிடம் கோபப்படாமல் பேசிப் பார். டாக்டர் சொன்னதில் எது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டுப் பார். அவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

துஆவில் எல்லாரையும் சேர்த்துக்கொள்.

தவுபிக்

*

திருத்தங்கல்
04.04.2025

தவுபிக்குக்கு, ஸலாம்.

பெருநாள் முடிந்தது. உனக்கும் வாழ்த்து. நாங்கள் கொண்டாடிய லட்சணத்தை எழுதுகிறேன்.

உன் மச்சான் ஒரு நோன்பு விடாமல் பிடித்தார். நோயாளிக்கு விலக்கு உண்டென்று நான் கத்தினேன். காதில் வாங்கவில்லை. நோன்பு திறந்ததும் முதலில் வாயில் போடுவது பேரீச்சம்பழம் இல்லை, உன் பொடி. நீ நிறுத்தினால் என்ன, மதுரையில் ஒரு கடையில் அதே சாமான் கிடைக்கிறதாம், வாங்கி வந்துவிட்டார். இடுப்பில் கைலி நிற்கவில்லை, பெல்ட் போட்டு இறுக்குகிறார். பெருநாள் பிரியாணியில் இரண்டு கை சோறு. பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, குழாயைத் திறந்து கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தார்.

கோபப்படாமல் பேசிப் பார் என்று எழுதியிருக்கிறாய். பேசினேன். “எது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?” என்று நீ சொல்லிக் கொடுத்தபடியே கேட்டேன். “தூங்கு” என்றார்.

பெருநாளன்று நீ ரய்யானுக்குப் போன் போட்டாய். அவன் என்னிடம் நீட்டினான், நான் வாங்கவில்லை. எனக்கு வாழ்த்து வேண்டாம். என் கேள்விக்குப் பதில் வேண்டும். நீங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து என்னை என்னவென்று நினைத்திருக்கிறீர்கள்?

நசிமா

*

அல் ஜவ்ஃப்
24.04.2025

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதம் நேற்று வந்தது. வாந்தி என்று படித்ததும் சோற்றை விட்டு எழுந்தேன். எகிப்துக்காரரிடம் சொன்னேன். அவர் என்னையே திட்டினார். “நான் உனக்கு ஆராய்ச்சிக் காகிதம் கொடுத்தேனா, மருந்துச் சீட்டு கொடுத்தேனா? அந்த ஆளை உடனே ஆபரேஷன் மேஜையில் படுக்க வைக்கச் சொல்” என்றார்.

மச்சான் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இன்றைக்கு அதை முறிக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அவரும் மன்னிக்கட்டும்.

பொடி கேட்டது அவர்தான். டிசம்பரில் ஸ்கோப் முடிந்த இரண்டாம் நாள் போன் போட்டு அழுதார். மச்சான் அழுது நான் கேட்டதில்லை அக்கா. அவருக்கு ஆபரேஷனில் பயமில்லை. சாவுக்கும் பயமில்லை. வயிற்றில் பை வைப்பார்கள் என்பதுதான் பயம். பையோடு ஒளு நிற்காது, பள்ளிக்குள் போக முடியாது, முதல் வரிசையில் நிற்க முடியாது, பாங்கு சொல்ல முடியாது என்று நினைக்கிறார். நீ அதைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டுமே என்று வெட்கப்படுகிறார். ஆயுசு முழுக்க இப்படி வாழ்வதற்கு மௌத்தாவது மேல் என்கிறார். அந்த நேரத்தில் எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணெதிரே ஜைத்தூன் மரமாக நிற்கிறது, கையில் அந்தக் காகிதம் வேறு. அனுப்பிவிட்டேன்.

பெருநாளன்று சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன்.

இதைப் படித்ததும் அவரிடம் பையைப் பற்றிப் பேசு. நான் சொன்னேன் என்றே சொல்.

தவுபிக்

*

மதுரை
14.05.2025

தவுபிக்,

ஸலாம் எழுத மறந்துவிட்டேன். மேலே எழுதியதாக வைத்துக்கொள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் இவர் பிரஸ்ஸில் விழுந்தார். வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. வெளிக்குப் போய் நாலு நாளாகியிருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. நல்லசிவம் அண்ணாச்சிதான் தன் காரில் போட்டுக்கொண்டு வந்தார். கட்டி குடலை முழுக்க அடைத்துவிட்டது என்று அன்றைக்கே அறுத்தார்கள். ஒரு வாரம் ஐ.சி.யு. வார்டுக்கு மாற்றிய அன்றைக்கு ரய்யான் வீட்டிலிருந்து உன் கடிதத்தை எடுத்து வந்தான்.

படித்தேன். படித்துவிட்டு எழுந்து நின்றேன், எங்கே போவதென்று தெரியவில்லை. திரும்ப உட்கார்ந்தேன்.

தவுபிக், அந்தப் பை மூன்று மாசத்துக்குத்தான். டாக்டர் டிசம்பரிலேயே சொன்னார். “ஒரு பை வைக்க வேண்டியிருக்கும்” என்று அவர் ஆரம்பித்ததும் உன் மச்சான் எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மேற்கொண்டு சொன்னார்: “குடல்ல தையல் ஆறுற வரைக்கும்மா. மூணு மாசம். அப்புறம் உள்ள இணைச்சுட்டு பையை எடுத்துருவோம். பழையபடி இருப்பாரு.” என் காதால் கேட்டேன். ஆபரேஷனுக்கே வர மாட்டேன் என்கிற மனுஷனிடம் பைப் பேச்சை எடுத்தால் இன்னும் மிரளுவார் என்று நான் அதை வாயே திறக்கவில்லை. அவர் பைக்குத்தான் மிரளுகிறார் என்று எனக்கு யார் சொன்னது? அவருக்கு என்ன பயம் என்று உனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குப் பதில் எனக்குத் தெரியும். நடுவில் நீ ஒரு வாக்கைக் கட்டிக்கொண்டு அழுதாய். ஜனவரியில் நான் கேட்டபோது ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரே ஒரு வரி.

இப்போது அந்த மூன்று மாசமும் கிடையாது. கட்டி பெரிதாகிவிட்டதால் கீழ்ப்பகுதி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். திரும்ப இணைக்க இடமில்லை. பை ஆயுசுக்கும். கீமோ வேறு கொடுக்க வேண்டும். பிழைத்துவிடுவாரா என்று கேட்டேன். “பாப்போம்மா” என்றார் டாக்டர்.

ரய்யானைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அனுப்பிக் கேட்டுவரச் சொன்னேன். அவர் சொன்னாராம், “தன்னால தடுக்க முடியாத நோவு உள்ளவுகளுக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு தம்பி. ஒவ்வொரு தொழுகை வக்து வந்ததும் ஒளு செஞ்சு தொழட்டும். பை மூடித்தான இருக்கு, தாராளமா பள்ளிக்கு வரட்டும். இத எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?” இதைச் சொன்னதும் உன் மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பையை நான்தான் மாற்றுகிறேன். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

பதில் எழுதாதே. எழுதினாலும் படிப்பேனா தெரியாது.

நசிமா

*

அல் ஜவ்ஃப்
03.06.2025

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

உன் கோபம் எனக்கு வேண்டியதுதான். மூன்று மாசம் என்று படித்ததிலிருந்து ஆலையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஆனால் எனக்கும் கோபம் வருகிறது, அதையும் கேள். நீ போனை அடைத்துவிட்டுக் கடிதத்தில் கேள்வி கேட்டாய். ஒரு வார்த்தை போய் ஒரு வார்த்தை வர ஒரு மாசம். பெருநாளன்று ரய்யான் போனை நீட்டினானே. அன்றைக்கு நீ கையில் வாங்கியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நீயும் மூன்று மாசம் என்று சொல்லியிருப்பாய். ஏப்ரல் கடைசிக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.

ரய்யானிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். ஆமாம், சொல்லியிருக்கலாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருகிறேன். வாசலில் நிறுத்தித் திட்டினாலும் நிற்கிறேன்.

மச்சானுக்கு என் ஸலாமைச் சொல். சொல்ல மனமில்லை என்றால் விட்டுவிடு.

தவுபிக்

*

திருத்தங்கல்
22.07.2025

தம்பி தவுபிக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் உடம்பு எப்படி? லீவு என்னாயிற்று? இங்கே ரய்யானுக்குக் காலேஜ் தொடங்கிவிட்டது. நான் சுகம்.

பெருநாள் போனைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் எழுத மாட்டேன்.

உன் மச்சானுக்கு நாலு கீமோ முடிந்திருக்கிறது. வீட்டை விட்டு இறங்கவில்லை. தொழுகை வீட்டுக்குள்தான், அதுவும் நான் அடுப்படியில் இருக்கும்போது. சுபுஹுக்கு வேறு ஒருவர் பாங்கு சொல்கிறார். அந்த நேரம் இவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார். ரய்யானைக்கூடப் பக்கத்தில் விடுவதில்லை. வயிற்றைச் சுற்றி ஒரு துண்டு, அதன்மேல் சட்டை, இந்த வெயிலிலும்.

நேற்று சாயங்காலம் காசிராஜன் வந்தான். ஆமத்தூர்க்காரன், பிரஸ்ஸில் இவர் கை உருளைக்குள் போகாமல் பிடித்தானே, அவன்தான். வந்தவன் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

“எனக்கும் ரத்தம் போவுதுண்ணே. மூலம்னுதான் நெனச்சேன். ஸ்கோப் பண்ணிட்டாக, உங்களுக்கு இருந்த மாதிரியே கட்டியாம். இருக்கன்குடி ஆத்தாவுக்கு நேந்துகிட்டிருக்கேன். நாளைக்கு டாக்டர் கூப்பிட்டிருக்காரு, அறுக்கணும்பாரு. அண்ணே, நீங்க அந்த ஆலிவ் பொடியிலதான தேறி வந்தீக, பிரஸ் பூராம் பேசிக்கிடுதாக. மிச்சம் மீதி இருந்தா எனக்குக் கொஞ்சம் தாங்க.”

எனக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது, தவுபிக். மதுரையில் வயிற்றைக் கிழித்துப் பிழைக்க வைத்தவர்கள் ஒரு பக்கம். பேர் வாங்கிக்கொண்டு போவது உன் பொடி. கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தேன். அதற்குள் இவர், “நசிமா, அந்தப் பாட்டில எடுத்தா” என்றார்.

கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். பாட்டிலைக் கொண்டுவந்து தரையில் நங்கென்று வைத்தேன். இவர் அதைத் தொடவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினார். துண்டை அவிழ்த்தார். பனியனைத் தூக்கினார். வீட்டுக்கு வந்த பிறகு என்னைத் தவிர ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. பையில் பாதி நிறைந்திருந்தது.

காசிராஜன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏலே, நிமிந்து பாருலே” என்றார். “நல்லாப் பாத்துக்கோ. இந்தப் பொடிய மூணு மாசம் தின்னேன், அதுக்குக் கெடச்சது இது. அன்னைக்கே அறுத்திருந்தா இத மூணு மாசத்துல கழட்டியிருப்பாகளாம், நசிமா சொல்லுதா. டாக்டரு பைன்னு சொன்ன ஒடனே எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். மிச்சத்தக் கேக்கல. ஆராய்ச்சி பண்ணுதவுக பண்ணட்டும், என்னைக்காவது இதுல மருந்து வந்தா டாக்டரு எழுதித் தருவாரு, அப்பத் தின்னு. நாளைக்கு நீ தனியாப் போவாத. நான் கூட வாரேன். அவரு பேசி முடிக்கிற வரைக்கும் உன்ன எந்திரிக்க விட மாட்டேன்.”

அவன் போன பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலையில் மாற்றுப் பை இரண்டு, கத்தரிக்கோல், ஈரத்துணி எல்லாவற்றையும் அவருடைய பழைய சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தார். இருவரையும் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். மிச்சப் பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

இவ்வளவு எழுதியிருந்தபோது போன் வந்தது. இவர்தான்.

“டாக்டர் பேசி முடிச்சுட்டாரு நசிமா. காசி கடைசி வரைக்கும் உக்காந்திருந்தான். திங்கக்கிழம அட்மிட் ஆகுறான்.”

“சரிங்க. அவனுக்கும் பை உண்டாமா?”

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே குரலைத் தாழ்த்தினார்.

“உண்டாம். மூணு மாசத்துக்குத்தானாம்” என்றார். “டாக்டர் வாயால நான் இன்னைக்குத்தான் நசிமா அதக் கேக்கேன்.”

அவரும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். உடனே கூப்பிடாதே, கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எடுப்பேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வஸ்ஸலாம்.

அக்கா நசிமா